நாள் நெருங்குகிறதா, நாள் தள்ளுகிறதா? மாதவிலக்குக்கு முந்தைய தொந்தரவுகளும் கருவுற்றதன் முதல் அறிகுறிகளும்

கருவுற்ற பெண்ணை எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் "முழுகாமல் இருக்கிறாள்" என்றுதான் சொல்கிறார்கள். மாதவிலக்கு முடிந்து தலைக்குக் குளிக்கும் முழுக்கு இந்த மாதம் வரவில்லை என்பது அதன் பொருள். மார்பு கனத்தது, வாய் கசந்தது, தலை சுற்றியது என்று உடம்பில் தோன்றும் எதையும் அந்தச் சொல் அடையாளமாகக் கொள்ளவில்லை; வரவேண்டிய நாளில் முழுக்கு வராததை மட்டுமே கொள்கிறது. குமட்டலுக்கும் வாந்திக்கும் மசக்கை என்று தனிச்சொல் இருக்கிறது. அது முழுகாமல் போனதற்குப் பிறகு வருவது. இந்த வரிசை மருத்துவமும் ஒப்புக்கொள்ளும் வரிசைதான். மாதவிலக்கு நெருங்குவதால் வரும் உபாதையா, கரு தங்கியதால் வரும் மாற்றமா என்று குழம்பும் பெண்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுவே: உடம்பின் குறிகளை வைத்து இரண்டையும் பிரித்தறிய முயல்வதைக் காட்டிலும், நாளை எண்ணுவதும் உரிய நாளில் சோதித்துப் பார்ப்பதும் நம்பத்தக்கவை.

தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அண்ணன் மகள், திருமணமான ஐந்தாம் மாதம் ஓர் இரவில் தொலைபேசியில் அழைத்தாள். "அத்தை, ரெண்டு நாளா மார்பெல்லாம் கனமா வலிக்குது. வயிறு ஊதின மாதிரி இருக்கு. மத்தியானம் சும்மா உக்காந்தாலே தூக்கம் வருது. இதுக்கு முன்னாடி இப்படி இருந்ததில்ல. தங்கியிருக்குமோ?" என்று கேட்டாள். கடைசியாக வந்தது என்றைக்கு என்று நான் கேட்டதும் சற்று நேரம் பேச்சில்லை. வீட்டில் மாட்டியிருப்பது நாள்தோறும் தாளைக் கிழிக்கும் காலண்டர். கிழித்த நாளோடு கணக்கும் போய்விடும். பிறகு, அந்த மாதச் சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டிக்குப் போவதாக இருந்து, அன்று காலையில்தான் வந்துவிட்டதால் போக முடியாமல் போனது அவள் நினைவுக்கு வந்தது. அங்கிருந்து எண்ணினால் அன்று இருபத்திரண்டாம் நாள். அவளுக்கு வழக்கமாக 30 அல்லது 32 நாளுக்கு ஒரு முறை வரும். இந்த இரண்டு எண்களும் கிடைத்தவுடன், அவள் சொன்ன உபாதைகள் கருவால் வந்தவை அல்ல என்று என்னால் தயங்காமல் சொல்ல முடிந்தது. அது எப்படி என்பதை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரத்தப்போக்கு தொடங்கும் நாளை முதல் நாளாகக் கொண்டு, அடுத்த போக்கு தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை எண்ணுவது ஒரு சுழற்சி. வளர்ந்த பெண்களுக்கு அது 21 நாளிலிருந்து 35 நாள் வரை எதுவாக இருந்தாலும் இயல்புதான். சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படுவது, அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாள் முன்னதாக நிகழ்கிறது. சுழற்சி நீண்டாலும் குறுகினாலும் பெரும்பாலும் மாறுவது முட்டை வெளிப்படுவதற்கு முந்தைய பகுதிதான். பிந்தைய பகுதி அவ்வளவாக மாறுவதில்லை. முட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பைக்குள் மஞ்சள் நிறத்தில் சிறு திரள் ஒன்று உருவாகி, புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. கருவை வரவேற்பதற்காகக் கருப்பையின் உட்படலத்தைத் தயாராக்குவது அதன் முதல் வேலை. ஆனால் அந்த ஹார்மோன் கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. குடலின் அசைவை மந்தமாக்கி வயிற்றை உப்பச் செய்கிறது, மலச்சிக்கலைத் தருகிறது, மார்பகங்களைக் கனக்கச் செய்கிறது, தூக்கக் கலக்கத்தை உண்டாக்குகிறது, உடலின் வெப்பத்தைக்கூட 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்துகிறது.

இந்த இடத்தைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். முட்டையோடு விந்து சேர்ந்தாலும் சேராவிட்டாலும் மேலே சொன்ன அத்தனையும் ஒன்றுபோலவே நடக்கின்றன. சேர்ந்து உருவான கரு, கருக்குழாய் வழியே நகர்ந்து கருப்பையின் சுவரில் பதிவதற்கு, முட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து 6 முதல் 12 நாள் ஆகும். பெரும்பாலோருக்கு 8 முதல் 10 நாள். பதிந்த பிறகே எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் தாயின் இரத்தத்தில் கலக்கத் தொடங்குகிறது. அந்த மஞ்சள் திரளை வாடவிடாமல் தொடர்ந்து சுரக்கச் செய்வது எச்.சி.ஜி.யின் வேலை. கரு பதியவில்லையென்றால் திரள் இரண்டு வாரத்திற்குள் வாடி, புரொஜெஸ்டிரோன் இறங்கி, உட்படலம் கரைந்து மாதவிலக்காக வெளியேறுகிறது. ஆகவே கரு பதியும் வரைக்கும், கருவுற்ற பெண்ணின் உடம்பும் கருவுறாத பெண்ணின் உடம்பும் ஒரே ஹார்மோனால் ஒரே உபாதைகளைத்தான் உணர்கின்றன. "இந்த வலி வேறு மாதிரி இருக்கிறது" என்று நமக்குத் தோன்றுவதற்கு, ஆசையோ அச்சமோ உடம்பை வழக்கத்தைவிடக் கூர்ந்து கவனிக்க வைப்பதே பெரும்பாலும் காரணம்.

அண்ணன் மகளின் கணக்குக்கு வருவோம். 30 அல்லது 32 நாள் சுழற்சியில் முட்டை வெளிப்பட்டிருக்கக்கூடியது 16 அல்லது 18-ஆம் நாள். அவள் அழைத்த இருபத்திரண்டாம் நாளில், ஒருவேளை கரு உருவாகியே இருந்தாலும், அது நான்கு முதல் ஆறு நாள் வயதோடு, பெரும்பாலும் இன்னும் கருப்பையின் சுவரில் பதியாமல் இருக்கும். பதியாத கரு தாயின் மார்பில் வலியைத் தர முடியாது. அவள் உணர்ந்தது புரொஜெஸ்டிரோனின் ஏற்றம் மட்டுமே. முப்பத்தோராம் நாள் மாதவிலக்கும் வந்தது.

உங்களுக்கான கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். மார்ச் 1 அன்று மாதவிலக்குத் தொடங்கியதாகவும் 28 நாளுக்கு ஒரு முறை தவறாமல் வருவதாகவும் வைத்துக்கொள்வோம். அடுத்தது வரவேண்டிய நாள் மார்ச் 29. முட்டை வெளிப்படுவது மார்ச் 15-ஐ ஒட்டி. கரு பதிவது மார்ச் 23 முதல் 25 வரை. அதே மார்ச் 1 அன்று தொடங்கி 35 நாளுக்கு ஒரு முறை வரும் பெண்ணுக்கோ, வரவேண்டிய நாள் ஏப்ரல் 5. முட்டை வெளிப்படுவது மார்ச் 22-ஐ ஒட்டி. கரு பதிவது மார்ச் 30 முதல் ஏப்ரல் 1 வரை. இந்த இரண்டாம் பெண், தோழியைப் பார்த்துத் தானும் மார்ச் 29 அன்று சோதித்துப் பார்த்தால், உண்மையில் கருவுற்றிருந்தாலும் இல்லையென்றே விடை வரும். முப்பது நாள் கடந்துவிட்டாலே "தள்ளிப் போய்விட்டது" என்று எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைப்பது இதனால்தான் தவறாகிறது.

இனி, குறிகள் சில சற்றேனும் துணை செய்யும் இடங்களைப் பார்க்கலாம். மார்பு வலி மாதவிலக்குக்கு முந்தையதாக இருந்தால், போக்கு தொடங்கிய ஓரிரு நாளில் தணிந்துவிடும். கருவுற்றதாக இருந்தால், நாள் தள்ளிய பின்னும் தொடர்ந்து, வாரங்கள் செல்லச் செல்லக் காம்பைச் சுற்றிய வட்டம் கருமை கூடி, அதிலுள்ள சிறு புடைப்புகள் எடுப்பாகத் தெரியும். குமட்டலும் வாந்தியும் பொதுவாகக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்குபவை. அதாவது நாள் தள்ளி இரண்டு வாரம் ஆகும்போது. நாள் தள்ளுவதற்கு ஒரு வாரம் முன்பே குமட்டுகிறது என்றால், அதற்கு மசக்கையைவிட முந்தின நாள் கல்யாண வீட்டு விருந்து காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வாசனை பொறுக்காமல் போவது கருவுற்றவர்களிடம் பரவலாகக் காணப்படுவதுதான். எங்கள் வீடுகளில் கல்பாசியும் மராட்டி மொக்கும் சோம்பும் சேர்த்து வறுக்கும்போது எழும் மணம், நேற்றுவரை பசியைத் தூண்டியது, இன்று இரண்டாங்கட்டிலிருந்து முகப்புக்கு எழுந்து ஓட வைத்தது என்று சொன்ன பெண்கள் பலர். ஆயினும் அவர்களில் அநேகர் அதை நாள் தள்ளிய பிறகே உணர்ந்தார்கள். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவதும் அப்படித்தான். ஒன்றைத் தின்ன வேண்டும் என்ற ஆசையோ இரு பக்கத்துக்கும் பொது. சீப்புச் சீடைக்கும் உப்பு மாங்காய்க்கும் நாக்கு ஏங்குவதைக் கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது. மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் உப்பு மிகுந்த பலகாரங்களைக் குறைத்துக்கொண்டால் உப்பசம் சிறிது குறையக்கூடும்.

இரத்தக் கறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றம் அதிகம் நேர்வது இங்கேதான். கரு பதியும் காலத்தை ஒட்டிச் சிலருக்கு இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ சில சொட்டுகள் படும். அணையாடை நனையும் அளவுக்கு இராது, ஓரிரு நாளில் நின்றுவிடும். இது எல்லோருக்கும் வருவதில்லை. வராததால் கரு இல்லை என்றும் ஆகாது. மாதவிலக்கு வரவேண்டிய நாளை ஒட்டியே இது படுவதால், "இந்த முறை கொஞ்சமாக வந்து நின்றுவிட்டது" என்று எண்ணி, ஒரு மாதம் கழித்தே விவரம் அறிபவர்கள் உண்டு. வழக்கத்தைவிடக் குறைவாகவும் குறுகியதாகவும் வந்த போக்கை மாதவிலக்கு என்று கணக்கில் எழுதிவிடாமல், ஒரு வாரம் பொறுத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

மனம் படும் பாட்டையும் அலட்சியமாகக் கடக்கக் கூடாது. காரணமின்றி அழுகை, எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை ஆகியவை மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் வருவதை மருத்துவ உலகம் 1931-இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் எழுதிய காலத்திலிருந்து அறிந்திருக்கிறது. 1953-இல் லண்டனில் கேத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் அதற்கு, இன்று பி.எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்லப்படும் பெயரை வைத்தார்கள். ஆகவே அது பாசாங்கும் அன்று, பிடிவாதமும் அன்று. புதிதாக வந்த மருமகள் மாதத்தில் சில நாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று குறைப்படும் வீட்டார் இதை அறிந்திருக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு அந்த நாட்கள் இருந்தால், அது சாதாரண பி.எம்.எஸ். அன்று, சிகிச்சை உள்ள நோய்நிலை, தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது. தொடர்ந்து இரண்டு சுழற்சிகளுக்கு எந்தெந்த நாளில் என்ன தொந்தரவு என்று குறித்து வைத்தால் மருத்துவருக்கும் அது பேருதவி. அந்தக் குறிப்பேடு இன்னொரு பயனையும் தரும்: ஒவ்வொரு மாதமும் அதே நாளில் அதே வலி வருவதைக் கண்ணால் கண்டுவிட்டால், அடுத்த மாதம் அது புதிய அறிகுறியாகத் தோன்றாது.

சோதனைக்கு வருவோம். மருந்துக் கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பட்டை, சிறுநீரில் உள்ள எச்.சி.ஜி.யைக் கண்டறிகிறது. தொடக்கத்தில் அந்த ஹார்மோன் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஏறத்தாழ இரட்டிப்பாகும். எனவே வரவேண்டிய நாளுக்கு முன்பே சோதித்து இல்லை என்று வருவதற்கு, அன்றைக்கு அதன் அளவு போதவில்லை என்ற பொருளும் உண்டு. நாள் தள்ளிய பிறகு, விடிந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரில், உறையில் எழுதியிருக்கும் எண்ணிக்கைப்படி சொட்டுகளை விட்டு, எழுதியிருக்கும் நிமிடங்களுக்குள் பார்க்க வேண்டும். சி என்ற எழுத்துக்கு நேரே கோடு விழாவிட்டால் பட்டையே பழுது. வேறொன்றை வாங்க வேண்டும். சி, டி இரண்டுக்கும் நேரே கோடு விழுந்தால், டி கோடு வெளிறியிருந்தாலும் நிறம் தெரிகிறது என்றால், கரு உண்டு என்றே கொள்ளலாம். மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பதை நான் பட்டு அறிந்தவள். திருமணமான இரண்டாம் ஆண்டில், காலையில் ஒற்றைக் கோட்டோடு இருந்த பட்டையைக் குளியலறை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன். மாலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது டி-க்கு நேரே முடி போல மெல்லிய கோடு தெரிந்தது. உற்றுப் பார்த்திருந்தால், அதில் சிவப்பு துளியும் இல்லாமல் சாம்பல் நிறமாக இருந்தது கண்ணில் பட்டிருக்கும். உற்றுப் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை. அன்றிரவே அப்பத்தாவுக்குச் சொல்லி, மறுநாள் கந்தரப்பம் சுட்டார்கள். நான்காம் நாள் மாதவிலக்கு வந்தது. ஈரம் உலர்ந்தபின் பட்டையில் விழும் வெறும் தடம் அது என்பதை ஒரு செவிலியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சிறுநீரில் சர்க்கரையையோ உப்பையோ பற்பசையையோ போட்டுப் பார்க்கும் வீட்டு முறைகளுக்கு எச்.சி.ஜி.யைக் கண்டறியும் திறன் கிடையாது.

இல்லை என்று வந்தும் மாதவிலக்கு வரவில்லையானால் ஒரு வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். அப்போதும் இல்லையென்றால், முட்டை தாமதமாக வெளிப்பட்டது, தைராய்டு கோளாறு, பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, திடீரென எடை கூடியது அல்லது குறைந்தது, தூக்கமின்மை, மனச்சுமை, தாய்ப்பால் கொடுத்தல், அவசரக் கருத்தடை மாத்திரை உண்டது ஆகிய காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். மருத்துவரைப் பார்ப்பதே வழி.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் குழப்பத்தைப் பெருக்கும் இன்னொன்று, நாளைத் தள்ளிப்போட உண்ணும் மாத்திரை. காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலின் மாசி-பங்குனித் திருவிழா, கும்பாபிஷேகம், வீட்டுப் படைப்பு, கல்யாணம் என்று எது வந்தாலும், பெண்கள் கடையில் கேட்டு வாங்கி நோரெத்திஸ்டிரோன் மாத்திரையை விழுங்கிவிடுகிறார்கள். அதுவும் புரொஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்ததே. எனவே மார்பு வலி, உப்பசம், குமட்டல், சோர்வு எல்லாவற்றையும் அதுவும் தரும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் போக்கு வருவது வழக்கம். ஒரு வாரம் ஆகியும் வராவிட்டால் சோதித்துப் பார்க்க வேண்டும். கருவுற்றிருக்க வாய்ப்பு உள்ள மாதத்தில் மருத்துவரைக் கேளாமல் இதை உண்ணவே கூடாது. இதைவிட ஆபத்தானது, தள்ளிப்போனதை "வரவழைக்க" யாரோ தரும் மாத்திரை. வேண்டாத கரு என்றால் அதற்கு முறையான வழி உண்டு: 1971-ஆம் ஆண்டின் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டபின், சட்டம் கூறும் காரணங்களுக்காக 20 வாரம் வரை பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தோடு பாதுகாப்பாகக் கலைக்க இடமிருக்கிறது.

இருக்கிறது என்று விடை வந்தால், அன்றைக்கே தொடங்க வேண்டியது ஃபோலிக் அமில மாத்திரை. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. குழந்தையின் மூளையும் தண்டுவடமுமாக வளரவேண்டிய குழல், கரு உருவான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. அதாவது நாள் தள்ளி இரண்டே வாரத்தில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. நாளை எண்ணி வைப்பதன் பயன் இங்கே முழுமையாகத் தெரியும். வலிக்கு வீட்டிலிருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் விரைவில் பதிந்து, கருவுற்றவர்களுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணைப் பெற்றுக்கொள்வது அவசியம்; தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிவது முக்கியம். அந்தத் திட்டம் தாங்கியிருக்கும் பெயர், 1886-இல் நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்து 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். செவிலியர் முதலில் கேட்பதும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளைத்தான். கருவின் வயதை அந்த நாளிலிருந்தே எண்ணுவதால், நாள் தள்ளிய அன்றே "நான்கு வாரம்" என்று எழுதுவார்கள். அதைக் கண்டு கணக்கு இடிக்கிறதே என்று புதுமணப் பெண்கள் திகைக்க வேண்டியதில்லை.

நாள் தள்ளிய பெண்ணுக்கு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் கடுமையான வலி, அதனோடு இரத்தம் படுதல், மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி ஆகியவற்றில் எது வந்தாலும், கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கக்கூடும். குழாய் வெடித்தால் உள்ளுக்குள் பெருகும் இரத்தம் உயிருக்கே ஆபத்து. வெளியே படும் இரத்தம் சிறிதாக இருப்பதைக் கண்டு மாதவிலக்குதான் வருகிறது என்று சுருண்டு படுத்துவிடக் கூடாது. விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. 108-ஐ அழைத்து, பெரிய மருத்துவமனைக்குப் போய், வலியைச் சொல்வதற்கு முன்பே கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியையும் சோதித்துப் பார்த்த விடையையும் சொல்ல வேண்டும்.